காசு கட்டி வேலை கத்துக்கிட்ட பிரபு வீட்டுப் பையன்: மின்சாரத் துறையும் அப்ரென்டிஸ்களும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு ஸ்க்ரூட்ரைவர்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

நாங்க 2019ல ட்ரிபிள் ஈ முடிச்சோம். வகுப்புல பாதிப் பேர் மாதிரி நானும் கேம்பஸ்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போயிட்டேன். என் ரூம்மேட் மட்டும் "நான் படிச்சது கரன்ட்டு, கரன்ட்டு வேலைக்குத்தான் போவேன்"னு ஒரு அனல் மின் நிலையத்துல கிராஜுவேட் அப்ரென்டிஸா சேர்ந்தான். ஒரு வருஷப் பயிற்சி. சேர்ந்த ரெண்டாவது வாரம் போன் பண்ணினான். "மச்சான், இன்னைக்கு எங்க ஃபிட்டர் அண்ணன் ஒரு நீள ஸ்க்ரூட்ரைவரை எடுத்து, ஓடிட்டு இருக்கிற பம்ப்போட பேரிங் மேல வெச்சு, கைப்பிடிய காதுல வெச்சுக் கேட்டாருடா. கேட்டுட்டு என்கிட்ட குடுத்து, 'தம்பி, சத்தம் எப்படி இருக்கு சொல்லு'ன்னார். எனக்கு ஒண்ணுமே புரியல. 'ஆறு மாசம் தினமும் கேளு, புரியும்'னார்."

அந்த ஆறு மாசத்தைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம். ஒரு மெஷினைப் பக்கத்துல நின்னு, தொட்டு, கேட்டுக் கத்துக்கிற அந்தக் காலத்தை யாருக்குக் குடுத்தாங்க, யாருக்கு மறுத்தாங்க, அந்தக் காலத்துக்கான செலவை யார் ஏத்துக்கிட்டாங்க? மின்சாரத் துறையோட வரலாற்றுல இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருது.

கணக்குல பட்டம், அப்புறம் பட்டறை

வருஷம் 1877. இடம் கேம்பிரிட்ஜ். சார்லஸ் பார்சன்ஸ்னு ஒருத்தர் கணிதத் தேர்வுல பதினொன்றாவது ரேங்க் வாங்கி வெளிய வர்றார். வயசு 23. அப்பா அயர்லாந்துல பெரிய பிரபு, ராஸ் பிரபு. சும்மா பட்டத்துக்குப் பிரபு இல்லை, தன்னோட கோட்டையிலேயே 72 அங்குலக் கண்ணாடி வெச்சு, அந்தக் காலத்துல உலகத்துலயே பெரிய டெலஸ்கோப்பைக் கட்டினவர். வீட்டுலயே பட்டறை இருந்துச்சு. பசங்க அதுலதான் வளர்ந்தாங்க.

இப்படிப்பட்ட ஒரு பையன் அடுத்து என்ன செய்வார்? பார்லிமென்ட், ராணுவம், சர்ச், இல்லேன்னா கல்லூரியிலேயே ஃபெல்லோ. இதுதான் எல்லாரும் எதிர்பார்த்தது. பார்சன்ஸ் நியூகாசிலுக்குப் போய், எல்ஸ்விக்ல இருந்த ஆம்ஸ்ட்ராங் தொழிற்சாலையில அப்ரென்டிஸா சேர்ந்தார். ஒரு பிரபுவோட மகனுக்கு அது விநோதமான முடிவு.

இங்க கொஞ்சம் பின்னணி தேவை. இங்கிலாந்துல 1563ல வந்த ஒரு சட்டப்படி, ஒரு தொழிலைச் செய்யணும்னா ஏழு வருஷம் ஒரு மாஸ்டர்கிட்ட அப்ரென்டிஸா இருந்திருக்கணும். அந்த விதியை 1814ல நீக்கிட்டாங்க. ஆனா பழக்கம் போகல. ரெண்டு வகை அப்ரென்டிஸ் உருவானாங்க. ஒண்ணு, தொழிலாளி வீட்டுப் பசங்க. பதினாலு பதினஞ்சு வயசுல ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு, ரொம்பக் குறைஞ்ச கூலிக்கு வருஷக்கணக்கா வேலை பார்ப்பாங்க. இன்னொண்ணு, 'பிரீமியம் அப்ரென்டிஸ்'. வசதியான வீட்டுப் பசங்க. இவங்க குடும்பம் கம்பெனிக்குப் பணம் கட்டும். ஆமா, சரியாத்தான் கேட்டீங்க. கம்பெனி பையனுக்குச் சம்பளம் குடுக்கிறது போய், பையன் வீடு கம்பெனிக்குப் பணம் கட்டும். இது புதுசும் இல்லை. நீராவி எஞ்சினோட பேரைக் கேட்டதும் நினைவுக்கு வர்ற ஜேம்ஸ் வாட், 1755ல லண்டன்ல ஒரு கருவி செய்யறவர்கிட்ட ஒரே வருஷத்துல வேலை கத்துக்க 20 கினி கட்டினார்.

பார்சன்ஸ் பிரீமியம் அப்ரென்டிஸ்தான். ஆனா பட்டறைக்குள்ள போனதும் எல்லாருக்கும் ஒரே லேத், ஒரே கரி, ஒரே நேரம். அந்த நேரத்துக்கும் ஒரு கதை இருக்கு. 1871ல நியூகாசில் இன்ஜினியரிங் தொழிலாளர்கள் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேர வேலைதான்னு கேட்டு மாசக்கணக்கா ஸ்ட்ரைக் பண்ணி ஜெயிச்சாங்க. எதிர்ப்பக்கம் முதலாளிகளுக்குத் தலைமை தாங்கினவர் இதே ஆம்ஸ்ட்ராங். அதனால பார்சன்ஸ் சேரும்போது வாரத்துக்கு 54 மணி நேர வேலை. அதுக்கு முன்னாடி இன்னும் மோசம்.

அந்த நாலு வருஷம், 1877ல இருந்து 1881 வரை, நியூகாசில்ல என்னென்ன நடந்துட்டு இருந்துச்சுன்னு பாருங்க. 1878ல ஆம்ஸ்ட்ராங் தன்னோட கிராக்சைடு மாளிகையில ஏரித் தண்ணியை வெச்சு மின்சாரம் எடுத்து விளக்கு எரிய வெச்சார். 1879ல ஜோசஃப் ஸ்வான் அதே ஊர்ல தன்னோட மின்விளக்கை மேடையில காட்டினார். நம்ம பாஷையில சொன்னா, ஸ்டார்ட்அப் சூடு பிடிச்ச காலத்து பெங்களூர்ல ஃப்ரெஷரா இறங்கின மாதிரி. பார்சன்ஸ் வேலை நேரம் போக மிச்ச நேரத்துல, சிலிண்டர்களே சேர்ந்து சுத்துற ஒரு நீராவி எஞ்சினை அங்கேயே உருவாக்கிட்டு இருந்தார். சைடு ப்ராஜெக்ட் நம்ம கண்டுபிடிப்பு இல்லை மக்களே.

படிக்கட்டும் பேரிங்கும்

1884. பார்சன்ஸ் இப்ப கேட்ஸ்ஹெட்ல கிளார்க் சாப்மன் கம்பெனியில மின்சாரப் பிரிவுக்குத் தலைமை. கப்பலுக்கு விளக்குப் போடுற மெஷின் செய்யணும். அன்னைக்கு இருந்த முறை, பிஸ்டன் மேலயும் கீழயும் போற நீராவி எஞ்சின். அதுல பெல்ட் மாட்டி டைனமோவைச் சுத்துவாங்க. பெரிய இடம், பெரிய அதிர்வு.

நேரா ஒரு சக்கரத்தை நீராவியால சுத்தினா என்ன? இந்த யோசனை பழசு. பிரச்சனை வேகம்தான். அழுத்தமான நீராவியை ஒரே மூச்சுல வெளிய விட்டா அது ஒலியைவிட வேகமாப் பாயும். அந்த வேகத்தை வீணாக்காம பிடிக்கணும்னா சக்கரமும் அதுல பாதி வேகமாவது ஓடணும். அன்னைக்கு இருந்த உலோகம் அதைத் தாங்காது.

பார்சன்ஸோட விடை, படிக்கட்டு. மாடியில இருந்து குதிச்சா கால் உடையும், படி இறங்கினா உடையாது. நீராவியோட அழுத்தத்தை ஒரே தாவுல இறக்காம, அடுத்தடுத்து பல பிளேடு வரிசைகள் வழியா கொஞ்சம் கொஞ்சமா இறக்கினார். ஒவ்வொரு படியிலயும் வேகம் கட்டுக்குள்ள இருக்கும். நீராவியை நடுவுல விட்டு ரெண்டு பக்கமும் பிரிச்சு அனுப்பினார். அதனால ஒரு பக்கத் தள்ளலை இன்னொரு பக்கத் தள்ளல் சமப்படுத்திடும்.

இது வரைக்கும் கணக்கு. கேம்பிரிட்ஜ்ல படிச்சவருக்கு வரக்கூடியது. ஆனா கட்டுக்குள்ள இருக்கிற அந்த வேகமே நிமிஷத்துக்கு 18,000 சுற்று! அன்னைக்கு டைனமோக்கள் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு சுற்றுல ஓடிட்டு இருந்துச்சு. எவ்வளவு கவனமாக் கடைஞ்சாலும் ஒரு தண்டு நூத்துக்கு நூறு சமநிலையில இருக்காது. அந்த வேகத்துல மயிரிழை வித்தியாசம் போதும், பேரிங் பிஞ்சு போயிடும்.

பார்சன்ஸ் தண்டை இறுக்கிப் பிடிக்கல. பேரிங்கைச் சுத்தி வரிசையா வாஷர்களை அடுக்கினார். ஒண்ணு உள் பக்கம் ஒட்டும், அடுத்தது வெளிப் பக்கம் ஒட்டும், ஒண்ணு விட்டு ஒண்ணு. எல்லாத்தையும் சேர்த்து ஒரு ஸ்ப்ரிங் அழுத்தும். தண்டு கொஞ்சம் ஆடினா வாஷர்கள் ஒண்ணு மேல ஒண்ணு உரசி அந்த ஆட்டத்தைத் தின்னுடும். தண்டு தனக்குப் பிடிச்ச மையத்தைத் தானே தேடிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. வாஷர், ஸ்ப்ரிங். பட்டறையில தரையில கிடக்கிற சாமான். அந்த வாஷர் யோசனை எங்க இருந்து வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனா கணக்கும் தெரிஞ்சு, 54 மணி நேர வாரமும் பார்த்த ஒருத்தர்கிட்ட இருந்து அது வந்ததுல எனக்கு ஆச்சரியமே இல்லை.

அந்த முதல் மெஷின் குடுத்தது 7.5 கிலோவாட். இன்னைக்கு நம்ம வீட்டுல நாலஞ்சு ஏசி ஓட்டலாம், அவ்வளவுதான். அது இப்ப லண்டன் சயின்ஸ் மியூசியத்துல இருக்கு.

1889ல பார்ட்னர்களோட ஒத்துப்போகாம அவர் வெளிய வந்தார். பேட்டன்ட் கம்பெனிகிட்டயே தங்கிடுச்சு. ஆபீஸ்ல எழுதின கோட் ஆபீஸுக்குத்தான்னு நமக்குத் தெரியுமே, அதே கதை. பார்சன்ஸ் ஹீட்டன்ல சொந்த ஒர்க்ஸ் ஆரம்பிச்சு, பேட்டன்ட்ல மாட்டாத வேற டிசைன்ல டர்பைன் செஞ்சார். நீராவி தண்டோட நீளவாக்குல போகாம, மையத்தைப் பொறுத்து குறுக்குவாக்குல பாயற டிசைன். க்ளீன் ரூம் ரீரைட்னே வெச்சுக்கலாம். சில வருஷத்துல பழைய பேட்டன்ட்டையும் மீட்டார். 1890ல நியூகாசிலோட ஃபோர்த் பேங்க்ஸ் நிலையம், டர்பைன் வெச்சு ஊருக்கு மின்சாரம் குடுத்த உலகத்தோட முதல் மின் நிலையமா ஓட ஆரம்பிச்சது. 1897ல அவரோட டர்பினியா படகு, ராணியோட கடற்படை அணிவகுப்புல அழைப்பே இல்லாம நுழைஞ்சு, துரத்தின படகுகளை வேகத்துல விட்டுட்டுப் போச்சு. முதல் மெஷின் வந்து முப்பது வருஷத்துக்குள்ள சிகாகோவுக்குப் போன டர்பைன் 25,000 கிலோவாட்.

நெய்வேலி, மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை, கல்பாக்கம், கூடங்குளம். எரிபொருள் நிலக்கரியோ யுரேனியமோ, கடைசியில நீராவி போய்ச் சுத்துறது அந்தப் படிக்கட்டைத்தான்.

மகளுக்குத் திறக்காத கதவு

பார்சன்ஸோட மகள் பேர் ரேச்சல். கேம்பிரிட்ஜ்ல மெக்கானிக்கல் சயின்சஸ் படிக்கப் போன முதல் பெண்கள்ல ஒருத்தர். படிக்கலாம், ஆனா பட்டம் கிடையாது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் குடுக்க ஆரம்பிச்சதே 1948லதான்.

முதல் உலகப் போர் வந்துச்சு. ஆண்கள் போர்முனைக்குப் போனாங்க. தொழிற்சாலைகள் பெண்களைக் கூப்பிட்டுச்சு. ரேச்சல் ஹீட்டன் ஒர்க்ஸ்ல டைரக்டரானார், பெண்களுக்குப் பயிற்சி குடுக்கிற வேலையில இறங்கினார். பசங்க வருஷக்கணக்கா கத்துக்கிட்ட லேத் வேலையைப் பெண்கள் சில வாரம், சில மாசத்துல கத்துக்கிட்டுச் செஞ்சாங்க.

போர் முடிஞ்சுது. 1919ல ஒரு சட்டம் வந்துச்சு: போருக்கு முன்னாடி இருந்த பழைய வேலை முறைகள் திரும்ப வரணும். நடைமுறையில அதுக்கு அர்த்தம், பெண்கள் வீட்டுக்குப் போகணும். இதுல முதலாளியும் யூனியனும் ஒரே பக்கம். ரேச்சலும் அப்பாவோட கம்பெனியில இருந்து வெளிய வந்தார். டர்பைனைக் கண்டுபிடிச்ச மனுஷன், தன் மகளுக்குத் தன் பட்டறையில இடம் வெக்கல.

அதே வருஷம் ஜூன் மாசம் ரேச்சல், அவங்க அம்மா கேத்தரின் உட்பட ஏழு பெண்கள் சேர்ந்து பெண் இன்ஜினியர்கள் சங்கத்தை ஆரம்பிச்சாங்க. செயலாளர் வேலைக்கு வந்தவர் கரோலின் ஹாஸ்லெட். இவர் பிரபு வீட்டுப் பொண்ணு இல்லை. அப்பா ரயில்வே சிக்னல் வேலை பார்த்தவர். கரோலின் ஒரு பாய்லர் கம்பெனியோட லண்டன் ஆபீஸ்ல கிளார்க்கா சேர்ந்தார். போர்க்காலத்துல, "எனக்கு ஆபீஸ் வேண்டாம், ஒர்க்ஸ்ல வேலை கத்துக்கணும்"னு கேட்டார். ஸ்காட்லாந்துல ஆனன்ங்கிற ஊர்ல இருந்த அவங்க பாய்லர் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போனார்.

துபாய், சிங்கப்பூர், மலேசியாவுல இருந்து கேக்கிறவங்க உங்க சுவர்ல இருக்கிற சாக்கெட்டைப் பாருங்க. மூணு செவ்வகப் பின், எர்த் பின் உள்ள போனாத்தான் மத்த ரெண்டு துளையும் திறக்கும். குழந்தை விரலோ கம்பியோ விட முடியாது. 1947ல வந்த அந்த பிரிட்டிஷ் தர அளவுக்கு அடித்தளம் போட்ட குழுவுல இருந்த ஒரே பெண் ஹாஸ்லெட். நாட்டோட மின்சாரம் அரசுடைமையானப்போ அமைஞ்ச பிரிட்டிஷ் மின்சார ஆணையத்துலயும் உறுப்பினரான முதல் பெண் இவர்தான். கிளார்க் மேசையில இருந்து பாய்லர் பட்டறைக்கு, கேட்டு வாங்கின ஒரு பயிற்சியில ஆரம்பிச்ச பயணம்.

நம்ம ஊர்ச் சட்டம்

இப்ப இந்தியாவுக்கு வரலாம். பிரிட்டிஷ் காலத்துல, 1850லயே ஒரு அப்ரென்டிஸ் சட்டம் இருந்துச்சு. அது பெரும்பாலும் அனாதைக் குழந்தைகளையும் ஏழைக் குழந்தைகளையும் ஏதாவது ஒரு தொழில்ல சேர்த்து விடுறதுக்கு. சுதந்திரத்துக்கு அப்புறம் பெரிய தொழிற்சாலைகள் வந்துச்சு. நெய்வேலியில சோவியத் உதவியோட கட்டின முதல் அனல் மின் நிலையம் 1962ல மின்சாரம் குடுக்க ஆரம்பிச்சது. கிட்டத்தட்ட அதே நேரத்துலதான் 1961ஆம் வருஷத்து அப்ரென்டிஸ் சட்டமும் நடைமுறைக்கு வந்துச்சு. முதல்ல ஐ.டி.ஐ. மாதிரி டிரேடு படிக்கிறவங்களுக்கு. 1973ல சட்டத்தைத் திருத்தி பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரங்களையும் சேர்த்தாங்க.

இந்தச் சட்டம் ஒரு பெரிய நல்லதைச் செஞ்சது. பிரீமியத்தைத் தலைகீழாக்குச்சு. கத்துக்கிறவங்க பணம் கட்ட வேண்டாம், நிறுவனம் உதவித்தொகை குடுக்கணும். பிரபு வீட்டுப் பையன் காசு கட்டி நின்ன இடத்துல விவசாயி வீட்டுப் பையன் காசு வாங்கிட்டு நிக்கலாம்.

ஆனா அதே சட்டத்துல பதினெட்டாவது பிரிவு சொல்லுது, அப்ரென்டிஸ் பயிற்சியாளர்தான், தொழிலாளி இல்லை. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது. பயிற்சி முடிஞ்சதும் வேலை குடுக்கணும்ங்கிற கட்டாயமும் நிறுவனத்துக்குக் கிடையாது. 1995ல ஒரு உத்தரப் பிரதேச வழக்குல உச்ச நீதிமன்றம், மத்த தகுதிகள் சமமா இருந்தா, பயிற்சி முடிச்சவங்களுக்கு முன்னுரிமை குடுக்கணும்னு சொல்லுச்சு. முன்னுரிமை, வேலை இல்லை. 2014 திருத்தம், ஒவ்வொரு நிறுவனமும் அப்ரென்டிஸ்களை வேலைக்கு எடுக்கிறது பத்தித் தனக்குன்னு ஒரு கொள்கை வகுத்துக்கணும்னு சொல்லுது. அந்தக் கொள்கை என்னவா இருக்கணும்னு சொல்லல.

அந்த வருஷத்தோட செலவு

இப்ப என் ரூம்மேட்டுக்கு வர்றேன். அவனுக்கு மாசம் 9,000 ரூபாய். பட்டதாரிகளுக்கு அன்னைக்கு விதிப்படி அதுதான் குறைந்தபட்சம். ரூம் வாடகை, மெஸ், பஸ். மாசக் கடைசியில அவங்க அம்மா ரெண்டாயிரம், மூவாயிரம் அனுப்புவாங்க. எங்க இருந்து வந்துச்சுன்னு பல மாசம் அவனுக்கே தெரியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போதான் பார்த்திருக்கான், அம்மா காதுல கம்மலுக்குப் பதிலா ஈர்க்குச்சி.

இதை அவன் என்கிட்ட சொன்னப்போ எனக்கு ஒண்ணும் தோணல. இந்த எபிசோடுக்குப் படிக்கும்போதுதான் உறைச்சது. பிரீமியம் அப்ரென்டிஸ் ஒழிஞ்சு போகல. அன்னைக்கு கம்பெனி கணக்குல வரவு வெச்சு வாங்கினாங்க, இன்னைக்கு எந்தக் கணக்குலயும் வராம அவங்க அம்மா கட்டினாங்க. அதையும் கட்ட முடியாத வீட்டுப் பையன் அந்த வருஷத்தை எடுக்கவே மாட்டான். என்னை மாதிரி கிடைச்ச சாஃப்ட்வேர் வேலைக்கு வந்துடுவான். ஒளிச்சுப் பேச ஒண்ணும் இல்லை, நான் வந்ததுக்குக் காரணம் பாதி அதுதான். எங்க வீட்டுல அடகு வெக்க மிச்சம் எதுவும் இல்லை.

ஒரு வருஷம் முடிஞ்சுது. சான்றிதழ் குடுத்தாங்க, கை குலுக்கினாங்க, அடுத்த பேட்ச் உள்ள வந்துச்சு. நிரந்தர வேலைக்கு அறிவிப்பு வரும்னு ரெண்டு வருஷம் காத்திருந்தான். வரல. இப்ப முப்பந்தல் பக்கம் காற்றாலை சர்வீஸ் பண்ற ஒரு கம்பெனியில இருக்கான்.

போன மாசம் பேசும்போது கேட்டேன், "அந்த ஒரு வருஷம் வேஸ்ட்டுன்னு எப்பவாவது தோணிருக்காடா?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னான். "இங்க எல்லாம் வைப்ரேஷன் சென்சார் இருக்கு மச்சான். கிராஃப் கம்ப்யூட்டர்ல வந்துடும். ஆனா போன வாரம் ஒரு கியர்பாக்ஸ். கிராஃப் நார்மல்னு காட்டுது. எனக்குச் சத்தம் சரியில்லைன்னு பட்டுச்சு. நிறுத்தித் திறந்து பார்த்தோம். பேரிங்ல விரிசல்." அப்புறம் அவனே, "அந்த அண்ணனுக்கு போன் பண்ணிச் சொன்னேன். 'ஆறு மாசம்னு சொன்னேன்ல தம்பி'ன்னு சிரிச்சார்."

நான் பயிற்சி வேண்டாம்னு சொல்ல வரல. ஆறு மாசம் தினமும் கேட்டாத்தான் புரியும்ங்கிற விஷயங்கள் இருக்கு. ஒரு ஊருக்கே கரன்ட்டு குடுக்கிற மெஷின் பக்கத்துல அப்படிக் கேட்டுப் பழகின ஒருத்தர் நிக்கணும். அது நம்ம எல்லாருக்கும் தேவை. அப்ப அந்த ஆறு மாசத்துக்கான செலவு ஏன் ஒரு அம்மாவோட கம்மல்ல இருந்து வரணும்?

உங்க வீட்டுலயோ தெருவுலயோ யாராவது அப்ரென்டிஸா இருந்திருந்தா, மின் வாரியமோ, பாய்லர் பட்டறையோ, ரயில்வேயோ, அவங்ககிட்ட ஒரு கேள்வி கேளுங்க: அந்த வருஷம் உங்களுக்கு யார் சோறு போட்டாங்க? பதிலை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதைக் கேட்டுட்டு ஆரம்பிக்கலாம்.